வலிக்குதா என்று கேட்டவர்கள்

காட்டில் ஆசிரமம், மரத்தடியில் குரு என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தக் கதையின் குரு, திருச்சிக்குப் பக்கத்தில் பேச்சு சரியாக வராதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கற்றுத் தரும் ஒரு கல்லூரியில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். பெயர் குணசுந்தரி. மாணவிகளுக்கு வெறும் 'மேடம்'. சிஷ்யை, வெள்ளைக் கோட்டுப் போட்ட கடைசி வருஷ மாணவி. பெயர் சிந்துஜா.

சிந்துஜாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம். அதிலும் கண்ணாடிக்கு ரொம்பப் பயம்.

பயிற்சி அறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அதில் தங்கள் முகம்தான் தெரியும். அந்தப் பக்கம் இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் மேடத்துக்கு உள்ளே நடப்பது அத்தனையும் தெரியும், பேசுவதும் கேட்கும். மேடம் அங்கே இருக்கிறாரா, டீ குடிக்கப் போய்விட்டாரா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு இருண்டதெல்லாம் மேடம்.

சிந்துஜாவிடம் பயிற்சிக்கு வந்தவள் ரெஜினா. இருபத்தாறு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். சின்ன வயதிலிருந்தே அந்தக் கல்லூரிக்கு வருகிறாள். தவணைக்கு ஒரு மாணவி அவளிடம் தொழில் பழகிக்கொண்டு போவாள், அடுத்த தவணைக்கு இன்னொருத்தி நடுங்கிக்கொண்டு வந்து நிற்பாள். ரெஜினா எல்லோரையும் 'மிஸ்' என்று கூப்பிடுவாள். பாடம் ஒன்றேதான், மிஸ்கள்தான் மாறினார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எல்லாத் தொழிலும் யாராவது ஒருவர் தலையில்தான் பழகப்படுகிறது.

இந்தத் தடவை விஷயம் வேறு.

ரெஜினாவுக்குப் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. நாலு வயதில் நெஞ்சைத் திறந்து அடைத்தார்கள். இப்போது உள்ளே ஒரு வால்வு சரியாக மூடவில்லை, மறுபடியும் திறந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் தேதியும் குறித்தாகிவிட்டது.

"உள்ள என்னை விடமாட்டாங்களாம் மிஸ்," என்றாள் ரெஜினாவின் அம்மா அமலோற்பவம். "காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எட்டிப் பாக்கலாமாம். மத்த நேரமெல்லாம் இவ தனியா கிடக்கணும். நர்ஸம்மா வந்து வலிக்குதான்னு கேட்டா இவ என்ன சொல்லுவா?"

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுவாங்கம்மா."

"சொல்லமாட்டா."

"ஏன்?"

"போன மழைக்காலத்துல கொதிக்கிற கஞ்சியைத் தொடையில கொட்டிக்கிட்டா. நான் வேலைக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்து பாத்தா பாவாடை ஒட்டிக்கிட்டு இருக்கு. உரிச்சா தோலும் கூட வருது. ஏன்டி சொல்லலன்னு கத்துறேன், நல்லாருக்கேன்மாங்கிறா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெஜினா தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நல்லாருக்கேன் மிஸ்," என்று சிரித்தாள்.

சிந்துஜா அந்தச் சிரிப்பையே பார்த்தாள். இவள் வாயில் 'வலிக்குது' என்ற ஒரு சொல் வராவிட்டால் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் இவள் சிரித்துக்கொண்டே செத்துப்போவாள். இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. அந்தச் சொல்லை வரவழைக்க வேண்டியவள் சிந்துஜாதான்.

அவளுக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தாள். அட்டைகள் செய்தாள். ஒன்றில் சிரிக்கிற முகம், ஒன்றில் சுளிக்கிற முகம், ஒன்றில் அழுகிற முகம். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆள், தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆள்.

"ரெஜி, இவங்களுக்கு என்ன?"

"வலிக்குது."

"வெரி குட். எங்க வலிக்குது?"

"வயித்துல."

"சூப்பர்."

ரெஜினா ஒரு அட்டையில்கூடத் தவறவில்லை. சொல் பளிச்சென்று வந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் சிந்துஜா கை தட்டினாள், ரெஜினாவும் தட்டினாள். சிந்துஜா ஓரக்கண்ணால் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டாள்.

இந்தப் படிப்புக்கு வருகிறவர்களுக்கு முதல் வருஷமே ஒரு பழக்கத்தை ஊட்டிவிடுவார்கள். எதிரில் இருப்பவர் வாய் திறந்து பதில் சொன்ன அடுத்த நொடி பாராட்டிவிட வேண்டும். ஆறிப்போனால் பலன் இல்லை. நாள் போகப் போக அந்தக் 'குட்' தும்மல் மாதிரி தானாக வரும். பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்ததற்கு 'வெரி குட்' சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்ட பிள்ளைகள் உண்டு.

அறையில் இருந்தது இரும்பு மேசை. அதன் டிராயர் துருப்பிடித்துச் சிக்கும், இடித்துத்தான் மூட வேண்டும். ஒருநாள் சிந்துஜா அட்டைகளை உள்ளே போட்டுவிட்டு வழக்கம்போல இடுப்பால் ஒரு இடி இடித்தாள். ரெஜினாவின் ஆள்காட்டி விரல் உள்ளே இருந்தது.

ரெஜினாவின் தோள் ஒருமுறை தூக்கிப் போட்டது. சத்தம் வரவில்லை. டிராயரை இழுத்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நகம் வெளுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் கறுப்பு ஏறியது.

"ஐயோ ரெஜி. வலிக்குதா?"

ரெஜினா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"இல்ல மிஸ். நல்லாருக்கேன்."

"குட்," என்றாள் சிந்துஜா.

அதற்குள் மேடம் அறைக்குள் வந்துவிட்டார். விரலைப் பிடித்துத் தண்ணீரில் காட்டினார். பக்கத்துத் தெரு டாக்டரிடம் அவரே கூட்டிப் போனார். எலும்புக்கு ஒன்றும் இல்லை, நகம் விழுந்துவிடும், தினமும் கட்டு மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டுப் போடும்போது ரெஜினா கம்பவுண்டரையும் பார்த்துச் சிரித்ததாகப் பிறகு மேடம் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு சிந்துஜா மேடத்தின் அறை வாசலில் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"உள்ள வாம்மா."

"மேடம், அட்டையில அவ தப்பே பண்றதில்ல. இன்னிக்குக்கூட எல்லாம் சரியாச் சொன்னா. நிஜமா வலிக்கும்போது ஏன் மேடம் சொல்லல?"

மேடம் மேசையில் கிடந்த பேனாவை மூடி வைத்தார்.

"வலிக்குதான்னு கேட்டேன் மேடம். இல்லன்னு சொன்னா."

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

சிந்துஜா யோசித்தாள். நினைவுக்கு வந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"குட்னு சொன்னேன்."

"ம்."

"வாய் தவறி வந்துடுச்சு மேடம்."

"எல்லாருக்கும் அப்படித்தான் வரும். எனக்கும் வந்திருக்கு."

"அவளுக்கு வலிக்குதுன்னு சொல்ல நான் எப்படி மேடம் கத்துக்கொடுக்கிறது?"

மேடம் எழுந்தார். ஜன்னலைச் சாத்தினார், கைப்பையை எடுத்துக்கொண்டார். வாசலுக்கு வந்த பிறகுதான் பேசினார்.

"வெள்ளிக்கிழமை நீ அவ நாற்காலியில உட்காரு. அவ உன் நாற்காலியில உட்காரட்டும். கோட்டையும் கழட்டிக் குடுத்துடு."

வெள்ளிக்கிழமை ரெஜினா வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். தோளில் சரியாக உட்கார்ந்தது, கைதான் நீளம். மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். காலரைச் சரிசெய்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

சிந்துஜாவுக்கு முகம் சிவந்தது. அந்தத் துடைப்பு அவளுடையது. அப்படித் தான் செய்வதே அவளுக்கு அதுவரை தெரியாது.

ரெஜினா பழைய பாடத்து அட்டை ஒன்றைத் தூக்கினாள். "இது என்ன, சொல்லுங்க."

"பூனை."

"சூப்பர்." கை தட்டினாள். "இது?"

"குடை."

"வெரி குட். நல்லா சொன்னீங்க."

அத்தனை வருஷம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு எதுவும் தெரியாமல் இல்லை. தவணைக்கு ஒருத்தியாக வந்தவர்களின் கழுத்துச் சாய்ப்பும் பேச்சின் இழுவையும் ஒவ்வொன்றாக அவளிடமிருந்து வெளியே வந்தன. சிந்துஜா சிரித்தேவிட்டாள். ரெஜினாவும் சிரித்தாள்.

பிறகு ரெஜினா அட்டைகளைக் கீழே வைத்தாள். முன்னால் சாய்ந்தாள். கண்கள் விரிந்தன, புருவம் மேலே ஏறியது. குரல் மெலிந்து, உடைந்து வந்தது.

"வலிக்குதா?"

சிந்துஜாவின் சிரிப்பு நின்றது. அன்றைக்கு டிராயரை இழுத்தபோது தன் முகம் எப்படி இருந்தது என்பதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். பயத்தில் வெளிறிப்போன முகம். இல்லை என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற முகம்.

"வலிக்குது," என்றாள் சிந்துஜா.

ரெஜினா கை தட்டவில்லை. தலையை ஆட்டினாள்.

"இல்ல. நல்லாருக்கேன் சொல்லுங்க."

"வலிக்குது ரெஜி."

ரெஜினா கண்ணாடியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். எழுந்து மேசையைச் சுற்றி வந்து சிந்துஜாவின் தாடையைக் கையில் பிடித்துக்கொண்டாள். காதுக்குள் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"அழக் கூடாது. அழுதா ஊசி போடுவாங்க. நல்லாருக்கேன் சொல்லு சாமி. வீட்டுக்குப் போலாம்."

அந்தக் குரல் ரெஜினாவுடையது இல்லை. அதற்கு மேல் மறுக்கிற தைரியம் சிந்துஜாவுக்கு வரவில்லை.

"நல்லாருக்கேன்," என்றாள்.

ரெஜினா பெருமூச்சு விட்டாள். தாடையை விட்டாள்.

"குட்."

சிந்துஜா எழுந்து இருட்டறைக் கதவைத் திறந்தாள். மேடம் தனியாக இல்லை. பக்கத்து நாற்காலியில் அமலோற்பவம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் சொன்னது மிஸ்," என்றாள். "நாலு வயசுல. ஆப்பரேஷன் முடிஞ்சு கட்டில்ல கிடந்து கதறுறா. ஒரே ஒரு நிமிஷம்தான் உள்ள விட்டாங்க. தாடையைப் புடிச்சிக்கிட்டுச் சொன்னேன். அன்னிக்கு நிறுத்தினவதான்."

யாரால் அவளைக் குற்றம் சொல்ல முடியும்? அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று பழமொழி சொல்கிறவர்களும் நாம்தான், அழுதால் ஊசி என்று மிரட்டுகிறவர்களும் நாம்தான். மற்றப் பிள்ளைகள் வளர்ந்து அந்த மிரட்டலை உதறிவிடுகிறார்கள். ரெஜினா அம்மா சொல்லைத் தட்டாதவள். அட்டையில் இருக்கிற முகத்துக்கு யாரும் ஊசி போடுவதில்லை, அதனால் அதற்கு மட்டும் தாராளமாக 'வலிக்குது' சொன்னாள்.

"இப்ப என்ன மேடம் பண்றது?" என்றாள் சிந்துஜா. "அங்க நிஜமாவே ஊசி போடுவாங்களே."

"போடுவாங்க."

"அவகிட்ட என்ன சொல்றது?"

"போடுவாங்கன்னு சொல்லு."

"பயந்துடுவா மேடம்."

"யாரு?"

சிந்துஜா பயிற்சி அறைக்குத் திரும்பினாள்.

அட்டைகளை டிராயரில் போட்டாள். அதன் பிறகு அவற்றை எடுக்கவில்லை. விரலில்தான் கட்டு இருந்ததே, நிஜமான வலி. தினமும் கல்லூரிக்கு வரச் சொல்லிச் சிந்துஜாவே அந்தக் கட்டைப் பிரித்து மாற்றினாள்.

"வலிக்குதா ரெஜி?"

"நல்லாருக்கேன் மிஸ்."

சிந்துஜா பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். 'குட்' நாக்கு நுனி வரைக்கும் வந்தது, பல்லைக் கடித்து விழுங்கினாள். எளிதாகச் சொல்லிவிட்டேன், அந்த மௌனத்தில் அவளுக்கு வியர்த்து ஊற்றியது. ரெஜினாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாராட்டு எங்கே போயிற்று என்று மேசைக்கு அடியில் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். "நல்லாருக்கேன்," என்று மறுபடி சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். அப்போதும் ஒன்றும் கிடைக்காமல் போகவே உதடு பிதுங்கியது.

சிந்துஜா வீட்டுக்குப் போய் அம்மாவிடம்கூடப் பேசாமல் படுத்துக்கொண்டாள். நாள் போய்க்கொண்டிருந்தது. தான் செய்வது சரியா, ஒரு நல்ல ஜீவனை வதைக்கிறோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மேடத்தைக் கேட்டால் மேடம் 'ம்' என்பார்.

ஒருநாள் பஞ்சு புண்ணோடு ஒட்டியிருந்தது. சிந்துஜா மெல்ல இழுத்தாள்.

"ஸ்ஸ்," என்றாள் ரெஜினா.

சிந்துஜாவின் கை அங்கேயே நின்றது. தண்ணீர் எடுத்து வந்து சொட்டுச் சொட்டாக விட்டு, பஞ்சு ஊறித் தானாக விடும்வரை காத்திருந்தாள். ரெஜினா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கட்டைத் தொட்டதுமே ரெஜினா கதவைப் பார்த்தாள். பிறகு காதில் விழுமோ விழாதோ என்ற குரலில் சொன்னாள்.

"வலிக்குது."

சிந்துஜா கையை எடுத்துவிட்டாள். ரெஜினா கதவைப் பார்த்தபடியே இருந்தாள். ஊசியோடு யாரும் வரவில்லை.

"எங்க ரெஜி?"

"இங்க."

சிந்துஜா அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றப் பக்கம் சுற்றினாள். அன்றைக்கும் 'குட்' சொல்லவில்லை. ரெஜினாவும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

ஊசியைப் பற்றியும் சிந்துஜா சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஊசி போடுவார்கள், சுருக்கென்று இருக்கும், வலிக்கிறது என்று சொன்னாலும் போடுவார்கள், சொல்லாவிட்டாலும் போடுவார்கள் என்று சொன்னாள். ரெஜினா அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். சிந்துஜா பயந்துபோய்க் கண்ணாடியைப் பார்த்தாள். உதவிக்கு யாரும் வரவில்லை. அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், வேறு வழியும் இல்லை.

கடைசி வாரத்தில் அமலோற்பவம் வந்து புலம்பினாள்.

"தலை வலிங்கிறா, முழங்கால் வலிங்கிறா மிஸ். பல்லு ஒண்ணு ரொம்ப நாளா வலிக்குதாம். எனக்கு ஒரே பயமா இருக்கு. முன்னாடி நிம்மதியா இருந்தேன்."

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னார்கள். முதல்நாள் முழுக்க ரெஜினா மயக்கத்தில் இருந்தாள். அடுத்த நாள் காலையில் மேடமும் சிந்துஜாவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நீள பெஞ்சு. அமலோற்பவம் அதில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். கண் உள்ளே போயிருந்தது.

கதவு திறந்து ஒரு நர்ஸ் வந்தாள். நல்ல பெண். சிரித்த முகம்.

"ரெஜினா அம்மாவா? கண்ணு முழிச்சுடுச்சும்மா. வலிக்குதான்னு கேட்டுக்கிட்டேதான் இருக்கோம். இல்லயாம், நல்லாருக்காளாம். சமத்துப் பொண்ணு. இங்க எல்லாரும் அதைத்தான் பேசிக்கிறோம்."

அமலோற்பவத்தின் கை ஜெபமாலையில் நின்றுவிட்டது. சிந்துஜா அத்தனை நாள் பட்ட பாடும் ஒரு சிரித்த முகத்துக்கு முன்னால் போய்விட்டது.

"ஒருத்தர் பாக்கலாம்," என்றாள் நர்ஸ்.

"நீங்க போங்க மிஸ்," என்றாள் அமலோற்பவம். "ஆஸ்பத்திரிக் கட்டில்ல என்னைப் பாத்தா நல்லாருக்கேன்னுதான் சொல்லுவா."

சிந்துஜா மேடத்தைப் பார்த்தாள். மேடம் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

பச்சை அங்கியும் முகமூடியும் போட்டு உள்ளே அனுப்பினார்கள். ரெஜினா கட்டிலில் சின்னதாகக் கிடந்தாள். கழுத்தில் ஒரு குழாய், கையில் ஒன்று, விலாவுக்குக் கீழிருந்து ஒன்று தொங்கிக் கட்டிலுக்கு அடியில் போனது. உதடு வெளுத்திருந்தது. மூச்சைத் துண்டு துண்டாக விட்டாள். யாரென்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மிஸ்."

"வலிக்குதா ரெஜி?"

முகமூடிக்கு மேல் தெரிந்த கண்களை ரெஜினா பார்த்தாள். அந்தக் கண்களை மறைக்கச் சிந்துஜாவிடம் ஒன்றும் இல்லை.

"நல்லாருக்கேன் மிஸ்."

கட்டில் கம்பியைப் பிடித்திருந்த சிந்துஜாவின் கை நடுங்கியது. நடுங்காமல் பிடிக்கப் பார்த்தாள், அதிகமாக நடுங்கியது.

"நேரமாச்சும்மா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சிந்துஜா நகரவில்லை. படித்ததில் இதற்கு ஒரு வழியும் இல்லை. பொய் சொல்லத் தெம்பும் இல்லை.

"எனக்குப் பயமா இருக்கு ரெஜி," என்றாள்.

ரெஜினாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. அவள் எந்த மிஸ்ஸும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. நடுங்குகிற அந்தக் கையைப் பார்த்தாள். தன் கையை நகர்த்தி அதன் மேல் வைத்தாள்.

"எனக்கும்," என்றாள்.

அப்புறம் கண்ணை மூடினாள். உதடு கோணியது.

"வலிக்குது."

"எங்க?"

ரெஜினா கையைத் தூக்கினாள். அது நெஞ்சின் தையலுக்குப் போகவில்லை. குழாய் போன விலாப் பக்கம் போய் நின்றது.

"இங்க. மூச்சு. மூச்சு வலிக்குது மிஸ்."

சிந்துஜா திரும்பி நர்ஸைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. நர்ஸ் வந்தாள், குனிந்து குழாயைப் பார்த்தாள், விரலால் அழுத்திப் பார்த்தாள், திரையில் ஓடிய கோட்டைப் பார்த்தாள். சிரித்த முகம் போய்விட்டது. "டாக்டரை வரச் சொல்லுங்க," என்று உள்பக்கம் பார்த்துச் சொன்னாள். யாரோ கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்தார்கள். யாரோ சிந்துஜாவின் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கதவைப் பாதி திறந்தாள்.

"ரத்தம் வடியிற குழாய் அடைச்சிருக்கும்மா. உள்ள ரத்தம் தேங்கி நின்னுருக்கு. டாக்டர் சரி பண்றார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா இதயத்தை அமுக்கியிருக்கும்." மூச்சு வாங்கினாள். "அவ உடம்பு இருக்கிற நிலைமையில மருந்து ரொம்பக் குடுக்க முடியாது. கொஞ்சம் கஷ்டப்படுவா. பயந்துக்காதீங்க."

கதவு மூடிக்கொண்டது. முழுக்க மூடவில்லை.

முதலில் ஏதோ பாத்திரம் வைக்கிற ஓசை கேட்டது. பிறகு ரெஜினாவின் குரல் வந்தது. நாலு வயதில் நின்றுபோன குரல், இருபத்தாறு வயது மூச்சோடு வந்தது.

"அம்மா. வலிக்குது."

அமலோற்பவம் பெஞ்சிலிருந்து தரையில் சரிந்து உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா. இங்க வலிக்குது."

அந்தப் பக்கம் போன ஒரு வார்டு பாய் நின்று பார்த்துவிட்டுப் போனான். குரல் மறுபடி வந்தது, இன்னும் பலமாக. சிந்துஜா எழுந்து நின்றாள். கால் மாடிப்படிப் பக்கம் திரும்பியது.

"மேடம், என்னால கேக்க முடியல. கீழ போயிடலாமா?"

மேடம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்திருப்பதைச் சிந்துஜா அப்போதுதான் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா அவளுக்கு வலிச்சுதும்மா," என்றார் மேடம். "இன்னிக்குத்தான் நமக்குக் கேக்குது. உட்காரு."